குண்டத்தில் சுடாத கால்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை டாக்டர். கட்டுப் போடும் பெரிய சிஸ்டர். பயிற்சிக்கு வந்திருந்த ஜெயராணி என்கிற பொண்ணு. என் மனைவி சரசு. என் மகள் மேகலா. கட்டிலில் நான். ஆக ஆறு பேர். வசந்தா டீச்சர் அங்கே இல்லை. இல்லாதவரை எதற்குச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

என் பேர் பழனிச்சாமி. கோயமுத்தூரில் பம்பு மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. படிப்பு ஏழாவதோடு சரி. சர்க்கரைக்காரர்களுக்கு ஆஸ்பத்திரியில் மாசம் ஒருநாள் கூட்டம் போடுகிறார்கள். அதில் என்னைப் பேசச் சொன்னார் டாக்டர். "நாங்க சொன்னா யாருங்க கேக்கறாங்க? பட்டவங்க சொன்னாத்தான் கேப்பாங்க" என்றார். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எழுதித் தாரேனுங்க, யாராவது படிச்சுக் காட்டுங்க என்றேன். காலைப் பற்றி மட்டும் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத மற்றதையும் சேர்த்துச் சொன்னால்தான் ஆகும் என்று தோன்றிவிட்டது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதற்கும் பயம். பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பஸ் டிக்கெட்டை வீட்டுக்கு வந்த பிறகுதான் எறிவேன். அதிலும் முத்திரை போட்ட காகிதம் என்றால் கேட்கவே வேண்டாம். அப்படி வரும் காகிதங்களை ஒரு மஞ்சப்பையில் போட்டு பரணில், பழைய குடத்துக்குள் வைத்துவிடுவேன். கண்ணுக்குத் தெரியாவிட்டால் அந்தக் காகிதம் இல்லை என்று ஆகிவிடும் போல ஒரு நினைப்பு.

அந்தப் பைக்குள் முதலில் போனது என் ரத்தச் சீட்டு. நான் ஆஸ்பத்திரியில் படுப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால் பட்டறைப் பக்கம் இலவச முகாம் போட்டார்கள். முதலாளி எல்லோரையும் அனுப்பினார். ரத்தத்தில் சர்க்கரை கூடுதல், உடனே டாக்டரைப் பார்க்கவும் என்று சீட்டில் எழுதியிருந்தது. பார்க்கவில்லை. சீட்டைப் பையில் போட்டேன். டீக்குச் சர்க்கரை போடுவதைக் குறைத்தேன், அவ்வளவுதான். அடுத்த வருஷம் ஒருநாள் கடைக்குப் போகும்போது ஒரு செருப்பு கழன்று விழுந்திருக்கிறது. நாலு வீடு தாண்டி, ஒற்றைச் செருப்போடு நான் நடந்துகொண்டிருக்கிறேன். பின்னாலிருந்து ஒருத்தி கூப்பிட்டுச் சொன்னாள். சிரித்துக்கொண்டே போய் மாட்டிக்கொண்டேன். கால் மரத்துப்போய்விட்டது என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

இனி மேகலா. அவள் எங்களுக்கு ஒரே பொண்ணு. அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது, உயிரியல் பிரிவு. ஒரே வரிசையாக உள்ள எங்கள் லைன் வீடுகள் எட்டில் பன்னிரண்டாவது வரைக்கும் போன முதல் பொண்ணு அவள்தான். வசந்தா டீச்சர் அவளுக்கு விலங்கியல் எடுத்தவர். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் நல்ல மார்க் வாங்கினால் டீச்சரே வீடு தேடி வருவார். நர்சிங் இருக்கு, லேப் படிப்பு இருக்கு, மருந்தாளுநர் படிப்பு இருக்கு என்று அப்பன் ஆத்தாளிடம் உட்கார்ந்து பேசுவார். காசில்லை என்றால் விண்ணப்பத்துக்குத் தன் கைக்காசைப் போடுவார். எங்கள் வீட்டுக்கும் வந்தார்.

"ஏனுங்க, அரசாங்க நர்சிங் படிப்புங்க. படிக்கறப்பவே மாசாமாசம் உதவித்தொகை உண்டு. தவளையை அறுக்கறப்ப கை நடுங்காத ஒரே பொண்ணு இவதான்" என்றார்.

அவர் போன பிறகு சரசுவிடம் சொன்னேன். "ராத்திரி டூட்டி பார்க்கணும். கண்ட ஆம்பளைங்களோட புண்ணைத் தொடணும், மூத்திரம் பீ அள்ளணும். நாளைக்கு எவன் கட்டிக்குவான்?"

"கட்டிக்கறவன் கட்டிக்கறான் போங்க" என்றாள் சரசு. "நானும் மில்லுல ராத்திரி ஷிப்டு பார்த்தவதான். நீங்க கட்டிக்கலீங்களா?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பயம் மட்டும் போகவில்லை.

டீச்சர் தன் காசிலேயே விண்ணப்பம் வாங்கி, போட்டோ எடுக்கவைத்து, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார். மார்க்கும் வந்தது. எங்கள் வீட்டில் யாரும் அதுவரை கேட்டறியாத மார்க். ஆனி மாசக் கடைசியில் ஒருநாள் பட்டறை வாசலில் போஸ்ட்மேன் ஆறுச்சாமி சைக்கிளை நிறுத்தினார்.

"பழனிச்சாமிண்ணா, பாப்பாவுக்கு கெவருமெண்ட்டுத் தபால். இன்டர்வியூ கார்டாட்டம் இருக்குது. டீ வாங்கிக் குடுத்தாத்தான் கையில குடுப்பேன்."

டீ வாங்கிக் கொடுத்தேன். ஒரு பன்னும் வாங்கிக் கொடுத்தேன். அவர் தலை மறைந்ததும் பிரித்துப் பார்த்தேன். இன்ன தேதியில், சென்னையில், அசல் சான்றிதழ்களோடு வரவும் என்று இருந்தது. சென்னை என்று பார்த்ததும் கார்டைக் கவருக்குள் போட்டு மடியில் செருகிக்கொண்டேன். சாயங்காலம் மேகலா, "தபால் ஏதாச்சும் வந்துச்சுங்களாப்பா?" என்றாள். தினமும் கேட்பாள். "இல்லையே கண்ணு" என்றேன். அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்துப் பரணில் ஏறினேன்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கொடுத்துவிடலாம் என்று பகலில் நினைப்பேன், சாயங்காலம் மாறிவிடும். அப்போதுதான் எங்கள் பக்கத்து அம்மன் கோயிலில் ஆடிக் குண்டம் வந்தது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். குண்டம் என்பது நீளமாக வெட்டிய குழி நிறையக் கட்டைகளை எரித்து, தணலாக்கி, காப்புக் கட்டி விரதம் இருந்தவர்கள் வெறுங்காலோடு அதில் இறங்கி அக்கரை ஏறுவது. மனசில் குற்றம் உள்ளவனைத்தான் தணல் சுடும் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு. நான் எட்டு வருஷம் குண்டம் இறங்கியவன். எட்டு வருஷமும் ஓட்டமாக ஓடி, எரிச்சலோடுதான் ஏறியிருக்கிறேன்.

இந்தத் தடவை அம்மனிடம் ஒரு பேச்சு வைத்தேன். "தாயே, சுட்டா கார்டை அவ கையில குடுத்துப்போடறேன். சுடலைன்னா நான் வெச்சது வெச்சபடி இருக்கட்டும்." என் பொண்ணு வாழ்க்கையை நான் முடிவு பண்ணிய லட்சணம் இது.

ஈர வேட்டியும் கையில் வேப்பிலையுமாக இறங்கினேன். சுடவில்லை. ஓடக்கூட இல்லை, நடந்தேன். ஒரு கதகதப்புகூட இல்லை. நடுக் குண்டத்தில் நின்று ஒரு தடவை கும்பிட்டேன். கரையில் கூட்டம் சத்தம் போட்டது. அக்கரை ஏறினதும் ஒரு பெரியவர் என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பூவு மேல நடந்தாப்பல நடந்தானே! சுத்தமான மனசு!" என்றார்கள். நான் அழுதேன். கார்டை ஒளித்தது சரிதான் என்று அம்மனே சொல்லிப்போட்டா என்று அழுதேன்.

மூன்றாம் நாள் பாயில் ஈரக் கறை. இடது காலில் லேசாக, வலது உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம், இரண்டு உடைந்திருந்தது. வலிக்கவே இல்லை. சுட்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு மனசில்லை. சுட்டது என்றால் கார்டைக் கொடுக்க வேண்டுமே! தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவி, துணியைச் சுற்றி, செருப்புப் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன். சரசு கண்ணில் படாதபடி காலைத் தள்ளி வைத்துப் படுத்தேன். எட்டாம் நாள் குளிர்காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டது. சரசு போர்வையை விலக்கியபோது வீடே நாறியது. கெண்டைக்கால் வரைக்கும் சிவந்து வீங்கியிருந்தது.

முதலாளியின் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அது ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி. உள்ளேயே நர்சிங் பள்ளிக்கூடமும் உண்டு. மேகலா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய இன்டர்வியூ அதற்கு முந்தின நாள் முடிந்திருந்தது. அது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

காத்திருக்கும் இடத்தில் நாற்பது பேர். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் முதலில் துண்டை மூக்கில் வைத்தார். பிறகு எழுந்து போய்விட்டார். அவர் போனதை மேகலா பார்த்தாள். அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். ரத்தம் எடுத்தார்கள், மூத்திரம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் சீழ் ஏறியிருக்கிறதா என்று பார்க்கத்தான் எக்ஸ்ரே. சர்க்கரை முந்நூற்று எண்பது என்றார்கள். அது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. சொன்ன பெண்ணின் முகம் மாறியதை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் காலை டாக்டர் வந்தார். அதுதான் நான் முதலில் ஆறு பேரைச் சொன்னேனே, அந்த நாள்.

"கண்ணை மூடிக்குங்க. நான் எப்பத் தொடறேனோ அப்பச் சொல்லுங்க" என்றார்.

மூடிக்கொண்டேன். காத்திருந்தேன். வெகுநேரம் ஒன்றும் இல்லை. "எப்பங்க சார் ஆரம்பிக்கறீங்க?" என்று கேட்டேன். சரசு "ஐயோ" என்றாள். கண்ணைத் திறந்தேன். டாக்டர் கையில் ஊசி. நல்ல காலாக இருந்த இடது காலில் ஐந்தாறு இடத்தில் பொட்டுப் பொட்டாக ரத்தம்.

டாக்டர் திட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். "சர்க்கரை ரொம்ப நாள் கூடுதலா இருந்தா நரம்பு செத்துப்போகுங்க. சூடு, வலி, முள்ளு, கல்லு எதுவும் மூளைக்குப் போகாது. குண்டம் உங்களைச் சுட்டிருக்கு. நல்லாவே சுட்டிருக்கு. அதைச் சொல்ல உங்க கால்ல நரம்பு இல்லை." பிறகு கேட்டார். "சர்க்கரை இருக்குன்னு முன்னாடியே தெரியுங்களா? பழைய சீட்டு ஏதாவது இருக்குதா? எத்தனை வருஷம்னு தெரிஞ்சா நல்லது."

"இல்லீங்க" என்று நான் சொல்வதற்குள் சரசு மடியிலிருந்து மஞ்சப்பையை எடுத்தாள். "இவரு காகிதமெல்லாம் இதுலதானுங்க போட்டு வெப்பாரு. ஆஸ்பத்திரிச் செலவுக்கு நகைச் சீட்டைத் தேடிப் பரணை உருட்டினேன், கெடைச்சுது. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க சார். அம்மணி, நீ பாரு."

எனக்கு அந்தப் பையைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கையில் டிரிப் ஊசி. மேகலா ஒவ்வொன்றாக எடுத்தாள். வீட்டு வரி நோட்டீஸ். நகைச் சீட்டு. ரத்தச் சீட்டு. அதற்கு அடியில் அந்தக் கவர். தன் பேரைப் பார்த்தாள். உள்ளே இருந்ததை எடுத்துப் படித்தாள். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். மறுபடி கார்டைப் பார்த்தாள். தேதி மூன்று நாள் கடந்திருந்தது.

அவள் அழவில்லை. கார்டைப் பழையபடி மடித்துக் கவருக்குள் வைத்தாள். ரத்தச் சீட்டை டாக்டரிடம் நீட்டினாள். "இதுதானுங்க சார் பழைய ரிப்போர்ட். ரெண்டு வருஷம் ஆச்சுங்க."

"அந்தக் கவர் என்னது கண்ணு?" என்றாள் சரசு.

"எனக்கு வந்த இன்டர்வியூ கார்டும்மா. தேதி போயிருச்சு."

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பயிற்சிப் பொண்ணு ஜெயராணி மட்டும் என்னைப் பார்க்கவில்லை. மேகலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தரையோடு தரையாகப் போய்விட மாட்டோமா என்று இருந்தது. சரசு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ஆனால் மதியம் ராகிக் களியும் கீரையும் கொண்டுவந்து, என் கையில் டிரிப் இருந்ததால் அவளே ஊட்டிவிட்டாள். பேசித் திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் ஆபரேஷன். செத்த சதையை வெட்டி எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் நல்ல சதையையும் அது தின்றுவிடும் என்று விளக்கினார்கள். காலையே எடுத்துவிடுவார்களோ என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டேன். வலது காலில் சுண்டுவிரலும் அடுத்த விரலும் போயின. எலும்பு வரைக்கும் சீழ் ஏறாததால் கால் தப்பியது. காசுக்குச் சரசு தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். முதலாளி முன்பணம் தந்தார். கூட வேலை பார்ப்பவர்கள் தினமும் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து, காலைப் பார்க்காமல் என் முகத்தை மட்டும் பார்த்துப் பேசிவிட்டுப் போனார்கள்.

தினமும் இரண்டு வேளை கட்டு மாற்ற வேண்டும். பெரும்பாலும் ஜெயராணிதான் வருவாள். வால்பாறை எஸ்டேட் லைனில் பிறந்த பொண்ணு. அம்மா தேயிலை பறிக்கிறவர். முதல் நாள் நான் காலை இழுத்துக்கொண்டேன். "வேண்டாம் தாயி, நாறுது. உனக்கு வாந்தி வந்துரும்."

"வால்பாறையில இருந்து நாப்பது வளைவுலயும் வாந்தி எடுத்துக்கிட்டு எறங்கி வந்தவப்பா நானு. வயித்துல இனி ஒண்ணும் பாக்கி இல்லை. காலை நீட்டுங்க" என்றாள்.

அப்பா என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய அப்பாவும் விடமாட்டேன் என்றாராம். எஸ்டேட் மருந்தகத்து நர்ஸம்மா மூன்று ஞாயிற்றுக்கிழமை நடையாக நடந்து அவரைச் சம்மதிக்கவைத்தாராம். "எங்கப்பாவுக்கும் உங்களாட்டமே பயம். ஆனா கார்டைக் கையில குடுத்துட்டுத்தான் பயந்தாரு" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பக்கத்தில் நின்று மேகலா எல்லாவற்றையும் பார்ப்பாள். நாலாம் நாள் ஜெயராணி அவளிடம் கையுறையைக் கொடுத்தாள். மேகலா என் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு, புண்ணுக்குள் வைத்திருந்த துணியை மெதுவாக உருவினாள். அதைப் பார்க்க எனக்கே தலை சுற்றியது. அவள் கை நடுங்கவில்லை. டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது. கண்டவன் புண்ணைத் தொடக்கூடாது என்று யாரைத் தடுத்தேனோ, அவள் முதன்முதலில் தொட்ட புண் என்னுடையதாகிப்போனது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ராத்திரி டூட்டி வேண்டாம் என்றவன் நான். இன்சுலின் ஊசி போட்டுவிட்டுச் சோறு சரியாகச் சாப்பிடாமல் படுத்த ஒரு ராத்திரி, சர்க்கரை மொத்தமாக இறங்கிவிட்டது. உடம்பெல்லாம் வேர்த்து, பேச வாய் வரவில்லை. சரசு தரையில் அசந்து தூங்குகிறாள். டார்ச் வெளிச்சத்தோடு வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, ஓடிப்போய் குளுக்கோஸ் கொண்டுவந்து கரைத்துப் புகட்டியது ராத்திரி டூட்டிக்கு வந்த ஒரு பொண்ணுதான். அவள் அப்பன் என்னைப் போல இருந்திருந்தால் நான் இதை எழுத இருந்திருக்க மாட்டேன்.

இனிமேல்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது.

ஆபரேஷன் ஆகி ஒரு வாரம் இருக்கும். சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் வசந்தா டீச்சர் வந்தார். ஒரு கையில் சாத்துக்குடிப் பை, இன்னொரு கையில் டைப் அடித்த காகிதம்.

"கால் எப்படீங்க இருக்குது?" என்று விசாரித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். "ஏனுங்க, இன்டர்வியூ எல்லாம் முடிஞ்சிருச்சாம். இவளுக்குக் கார்டே வரலை பாருங்க! தபாலாபீசுல தொலைச்சிருக்காங்க. விசாரிச்சுட்டேன். கார்டு வரலைன்னு தபாலாபீசுக்கு ஒரு புகார் குடுத்து, தேர்வுக் குழுவுக்கு நகல் அனுப்பினா ரெண்டாவது பட்டியல்ல கூப்பிடுவாங்க. போன வருசம் ஒரு பொண்ணைக் கூப்பிட்டிருக்காங்க. அப்பா கையெழுத்துப் போடணும். இந்தாங்க."

பேனாவை என் கையில் வைத்தார். அந்தக் கையெழுத்தைப் போட்டால் என் பொண்ணுக்கு இடம் கிடைக்கும். போட்டால் ஆறுச்சாமியைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். என் காசில் டீ குடித்துவிட்டுக் கார்டை என் கையில் கொடுத்த மனுசன். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். வாய் திறந்து உண்மையைச் சொல்லவும் இல்லை, போடவும் இல்லை.

மேகலாதான் பேசினாள். "வேண்டாங்க டீச்சர். கார்டு வந்துச்சுங்க. நான்தானுங்க போகலை."

டீச்சருக்குப் புரியவில்லை. "என்னது?"

"பயமா இருந்துச்சுங்க. மெட்ராஸுக்கு எல்லாம்... அதான் போகலீங்க."

"பயமா? உனக்கா?" டீச்சரின் குரல் உயர்ந்தது. வார்டே திரும்பிப் பார்த்தது. "உங்கிட்ட நான் எத்தனை தடவை கேட்டேன், கார்டு வந்துச்சா வந்துச்சான்னு? வரலை வரலைன்னு முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கியே! இந்தக் காசை வேற ஒருத்திக்குப் போட்டிருந்தா அவளாவது போயிருப்பாளே. உன்னால ஒரு எடம் வீணாப்போச்சு, தெரியுமா?"

மேகலா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவள் பொய் சொல்லவே இல்லை. வரவில்லை என்றுதான் அவளுக்கும் தெரியும். சரசு என்னையே பார்க்கிறாள். டீச்சர் என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதுங்களா?"

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே வரிதான். நான்தானுங்க ஒளிச்சு வெச்சேன் என்று. என் வாயிலிருந்து வந்தது இது: "புள்ளைங்க மனசு, நாம என்னங்க பண்றது?"

அப்படித்தான் சொன்னேன். சாத்துக்குடிப் பையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். டீச்சர் காகிதத்தை இரண்டாகக் கிழித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு மாடி இறங்கும் வரைக்கும் கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஏன் அம்மணி அப்படிச் சொன்னே?" என்றேன்.

அவள் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். "பின்னே என்ன பண்றதுங்க? ஆறுச்சாமி மாமா வேலைக்கு ஆபத்து வரட்டுமா? உங்களைச் சொன்னா டீச்சர் உங்களைத் திட்டுவாங்க. நீங்க பயந்துக்கிட்டு நாளைக்கு ஆஸ்பத்திரியே வேண்டாம்பீங்க. புண்ணு இன்னும் ஆறலை." பாதிப் பழத்தை என் கையில் வைத்தாள். "பாதிதான். மீதி நாளைக்கு. சர்க்கரை ஏறும்."

மறுநாள் ஜெயராணி வந்து கட்டு மாற்றினாள். கடைசியில் கத்தரிக்கோலைத் தட்டில் போட்டுவிட்டு, "அன்னிக்குப் பையைப் பிரிச்சப்ப நானும் இருந்தேம்பா" என்றாள். முதலில் ஆறு பேர் என்று ஏன் எழுதினேன் என்றால் இதற்குத்தான். அந்த ஆறு பேருக்கும் உண்மை தெரியும். தெரிய வேண்டிய ஏழாவது ஆளுக்குத் தெரியாது.

இருபத்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தேன். அந்த வருஷம் மேகலாவுக்கு வீண். டாக்டர் சொல்லி, கட்டுப் போடும் அறையில் உதவியாளாகச் சொற்பச் சம்பளத்துக்குப் போனாள். அந்தக் காசில் மறு வருஷம் அவளே விண்ணப்பம் வாங்கினாள். ஆனி மாசம் ஆறுச்சாமி வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். நான் கைத்தடியோடு நின்றுகொண்டிருந்தேன். கையை நீட்டினேன்.

"உங்ககிட்ட இல்லீங்ணா. பாப்பா கையிலதான்" என்று என்னைத் தாண்டி உள்ளே போனார். போன வருஷம் கார்டு கொடுத்தும் பொண்ணு போகாததிலேயே அவருக்குப் புரிந்திருந்தது. பயந்து வெளியிலேயே நின்றேன். அவர் திரும்பி வந்தபோது, "டீ குடிக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"வேண்டாமுங்க" என்றார். சைக்கிளில் ஏறும்போது சொன்னார். "போன வருசத்து டீயே இன்னும் செரிக்கலீங்க."

இப்போது மேகலா நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். போன மாசம் வந்தபோது என் காலைக் கண்ணாடி வைத்து அடிப்பக்கம் வரைக்கும் பார்த்தாள். தினமும் இப்படிப் பார்க்க வேண்டும், மரத்த காலுக்குக் கண்தான் நரம்பு என்று சொல்லிக் கண்ணாடியை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாள். சர்க்கரை இருக்கிறவர்கள் குண்டம் இறங்காதீர்கள். சுடவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். அம்மன்மேல் குற்றம் இல்லை. சுட்டுச் சொன்னாள், கேட்கத்தான் எனக்குக் கால் இல்லை.

இதோடு முடித்திருப்பேன். எங்கள் லைனில் கடைசி வீட்டில் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் இருக்கிறார். அவர் மகள் செல்வி இப்போது பன்னிரண்டாவது, மேகலா படித்த அதே பிரிவு. "வசந்தா டீச்சர்கிட்டச் சொல்லு கண்ணு, விண்ணப்பம் எல்லாம் அவங்களே வாங்கித் தருவாங்க" என்றேன்.

"டீச்சர் இப்ப அப்படியெல்லாம் பண்றதில்லீங்க மாமா" என்றாள். "ஊட்டுல காசு வாங்கிட்டு வா, அப்பனைக் கூட்டிட்டு வாங்கறாங்க. முந்தி ஒரு அக்காவுக்குக் கைக்காசு போட்டு ஏமாந்துட்டாங்களாம்."

செல்வி வீட்டில் காசு இல்லை. அவள் அப்பனும் என்னைப் போல முத்திரைக் காகிதத்துக்குப் பயப்படுகிறவன்தான். மேகலாவுக்கு ஒரு வருஷம்தான் போனது. என் ஒரு வாக்கியத்தால் அவளுக்குப் பின்னால் வந்த எத்தனை பொண்ணுகளுக்கு அந்தக் கதவு மூடியது என்று எனக்குத் தெரியாது. எண்ணிப் பார்க்கவும் பயமாக இருக்கிறது.

இரண்டு தடவை பள்ளிக்கூட கேட் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். அதனால் இதை இரண்டு பிரதியாக எழுதியிருக்கிறேன். ஒன்று சர்க்கரைக் கூட்டத்துக்கு. இன்னொன்று டீச்சருக்கு. அதை நாளைக்குச் செல்வி கையில் கொடுத்தனுப்புகிறேன். டீச்சர், கார்டை ஒளித்தது நான். மேகலா உங்களிடம் சொன்ன பொய் அந்த ஒன்றுதான், அதுவும் எனக்காகச் சொன்னது.

நீங்கள் போட்ட பணத்தையும் உள்ளே வைத்து அனுப்பிவிடச் சொன்னாள் சரசு. மாட்டேன் என்றேன். அதை நானே கொண்டுவந்து உங்கள் முகத்தைப் பார்த்துத் தர வேண்டும். ஆஸ்பத்திரி பில் கட்டியாகிவிட்டது. தோட்டை மீட்டாகிவிட்டது. முதலாளியின் முன்பணம் வாரக் கூலியில் கழிந்துவிட்டது. விண்ணப்பத்துக்கு இருபத்தைந்து, போட்டோவுக்குப் பன்னிரண்டு, ரிஜிஸ்டர் தபாலுக்கு எட்டு. ஆக, வசந்தா டீச்சருக்கு நான் இன்னும் தர வேண்டியது நாற்பத்தைந்து ரூபாய்.